நாலு மணிக்குள் பேச வேண்டிய பெட்டி

பெட்டி எழுந்த வேகத்திலேயே படுத்துக்கொண்டது. இரண்டே நொடி. கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது, இன்னொரு வரி வந்தது, மூன்றாவது வரியில் அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓய்ந்தது. காலை ஒன்பதே முக்காலிலிருந்து இது ஏழாவது தடவை.

"சனியனே!" என்றாள் தங்கை. யாரைச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அவள் முதுகுக்குப் பின்னால், கட்டிலில், அவள் அண்ணன் படுத்திருந்தான். நாற்பத்து மூன்று வயது. மூன்று வருடத்தில் அவன் உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுவிட்டன. முதலில் விரல், பிறகு கால், பிறகு நாக்கு. இன்னும் சொன்ன பேச்சு கேட்பது கண்கள் மட்டும்தான். மண்டைக்குள்ளே எல்லாம் பத்திரமாக, முன்னைவிடக் கிண்டலாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடி என்ன பிரயோஜனம்? அதை வெளியே கொண்டுவர ஒரே வழி இந்தப் பெட்டி.

பெட்டி என்றதும் பூட்டும் சாவியும் தேடாதீர்கள். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே இன்னொரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டரை, அதற்கு வேண்டிய சாமான்களோடு, தனியாகக் கட்டி வைப்பது. கன்டெய்னர் என்பார்கள். அண்ணன் வேலை பார்த்த காலத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் கட்டிக் கொடுத்தவன். கடைசியாகக் கட்டியது தனக்காக. அப்போது அவனிடம் இரண்டு விரல்கள் பாக்கி இருந்தன. அவன் எந்த எழுத்தைப் பார்க்கிறான் என்று ஒரு கேமரா கவனிக்கும், பெட்டி அந்த எழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கும், சொல்லை ஸ்பீக்கரில் பேசும். அதுவும் அவன் குரலிலேயே. நாக்கு முழுசாகச் சாய்வதற்கு முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்து பதிவு செய்த குரல். அந்த மாதம் அவனுக்கு ஜலதோஷம் வேறு, அதனால் அவன் பேசுவதெல்லாம் லேசாக மூக்கடைத்துத்தான் கேட்கும்.

பெட்டி எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் குரல், "வந்துட்டேன். என்ன விஷயம்?" என்று கேட்கும். அது அண்ணனின் குறும்பு. அந்த மூன்று சொல்லைக் கேட்டால்தான் அந்த வீட்டில் பொழுது விடிந்த மாதிரி.

"மெஷின் போனாலும் கவலைப்படாதீங்க. பெட்டியைத் தூக்கி இன்னொரு மெஷின்ல வெச்சா போதும். முதல் தடவை மட்டும் எழுந்துடுச்சுன்னா அப்புறம் அதுபாட்டுக்கு ஓடும்" என்று அண்ணன் அப்போது பீற்றிக்கொண்டான். திங்கட்கிழமை காலை மெஷின் ஒரு தீய்ந்த வாடையோடு போயே போய்விட்டது. நல்லவேளை, தினமும் ராத்திரி தானாகச் சேருகிற பெட்டியின் நகல் தனி டிஸ்கில் இருந்தது. புதன் சாயங்காலம் புது மெஷின் வந்தது. இன்றைக்கு வியாழன். முதல் தடவைதான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

சரி, நாலு நாள் பேசாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று யாராவது கேட்கலாம். முழுகத்தான் போகிறது. நாலு மணிக்கு டாக்டர் வருகிறார்.

அண்ணனுக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. தொண்டையில் துளைபோட்டு, மூச்சு மெஷினை மாட்டினால் இன்னும் சில வருடங்கள் ஓட்டலாம். மாட்டாவிட்டால் எத்தனை வாரம் என்று டாக்டர் சொல்லவில்லை, தரையைப் பார்த்தார். வேண்டுமா வேண்டாமா என்று நோயாளியே சொல்ல வேண்டும், அவன் வார்த்தையில், வேறு ஒருவர் கை நடுவில் படாமல். "கண்ணைச் சிமிட்டினாரு, நாங்க படிச்சோம்னு சொன்னா நான் எழுதிக்க முடியாதும்மா. நடுவுல நீங்க இருக்கீங்க இல்லையா? அவரே பேசினா அவர் சொல்றதுதான். பேச முடியலைன்னா மனைவியும் தங்கச்சியும் சேர்ந்து முடிவு சொல்லணும். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஆபரேஷன் தியேட்டர் கேட்டு வெச்சிருக்கேன். அதுக்கு மேல தள்ளிப்போட அவர் மூச்சு இடம் கொடுக்காது" என்று போன வாரமே சொல்லியிருந்தார்.

அந்த முடிவு தங்கள் தலையில் வந்து விழுந்துவிடக் கூடாது என்பதுதான் தங்கைக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் தொழிலும் இதேதான். ஒரு பெரிய அலுவலகத்தில், கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போன் எடுத்துப் பதில் சொல்கிற வேலை. "ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க சார்" என்று நாளைக்கு ஐம்பது பேரிடம் சொல்வாள். அதனால் அங்கே அவளுக்கு ரீஸ்டார்ட் என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் வீடுவரைக்கும் வந்து சேர்ந்தது.

"என்னாச்சு ரீஸ்டார்ட்டு?" என்று கேட்டபடி அண்ணி உள்ளே வந்தாள். அண்ணி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். இன்றைக்கு லீவு போட்டிருந்தாலும் கையில் அந்த ஸ்டியரிங் பிடிக்கிற உறுதி அப்படியே இருக்கும். அண்ணனை ஒரு பக்கம் புரட்டி, முதுகைத் துடைத்து, தலையணையை முட்டுக்கொடுத்து நிறுத்துவதற்கு அவளுக்கு ஒரு நிமிடம் போதும். "என் பஸ்ஸு இத்தனை தடவை நின்னுபோயிருந்தா, உள்ள இருக்கறவங்க என்னைத் தூக்கி ரோட்டுல போட்டிருப்பாங்க."

"அனுமதி இல்லைங்குது அண்ணி. யாருக்கு அனுமதி இல்ல, எதுக்கு இல்லன்னு சொன்னாத்தானே? வாயைத் திறக்க மாட்டேங்குது."

"அணைச்சுட்டுப் போட்டுப் பாத்தியா?"

தங்கை திரும்பிப் பார்த்த பார்வையில் அண்ணி வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது எல்லாச் சாமான்களும் வந்திருந்தன. ஒன்றும் தொலையவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் யார் என்ற இடத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு எண் நின்றது. 170488. முக்கால்வாசிச் சாமான்களில் இதே எண். சிலவற்றில் 170521, சிலவற்றில் 171488. வழக்கமாக ஒரு லட்சத்தில் தொடங்குகிற வட்டமான எண்தான் இருக்கும், அலுவலகத்தில் அவள் பார்த்தவரைக்கும் அப்படித்தான். இது என்ன கண்றாவி? நகல் எடுக்கும்போதே கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டினாள். முடிவுகட்டினது மட்டுமா? அந்த எண்களையெல்லாம் அழித்து, ஒரே எண்ணாக, வழக்கமான எண்ணாக மாற்றி எழுதினாள். பெட்டி ஐந்து நொடி கூடுதலாக உயிரோடு இருந்தது. அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். அதற்குள் முன்னைவிடப் பத்து மடங்கு புலம்பலோடு விழுந்தது. சிவப்பு எழுத்து திரை கொள்ளவில்லை.

மறுபடியும் நகலை முதலிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. அது நாற்பது நிமிட வேலை. அந்த நாற்பது நிமிடமும் திரையில் ஊர்கிற சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தாள்.

பின்னாலிருந்து அண்ணன் தொண்டையில் ஒரு சத்தம் எழுப்பினான். 'ங்' மாதிரி ஒரு சத்தம், அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

"இரு அண்ணா, ஆயிடுச்சு, இதோ" என்றாள் திரும்பாமல்.

மறுபடியும் 'ங்'. 

"அய்யோ, இருன்னு சொல்றேன்ல! உனக்காகத்தானே உயிரை விடறேன்!"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணி வந்து அவன் வாயில் கோத்த எச்சிலை உறிஞ்சும் குழாயால் எடுத்தாள். எடுத்த பிறகும் அவன் பார்வை தங்கையின் முதுகை விட்டு அகலவில்லை. அதை அண்ணிதான் பார்த்தாள்.

"ஏம்மா, அவரு உன்கிட்ட என்னமோ சொல்லப் பாக்கறாரு."

"சொல்றதுக்குத்தானே அண்ணி இந்தப் பாடு."

"இதைக் கட்டினது யாரு?"

தங்கை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். நேரம் இரண்டரை. காலையிலிருந்து நாலே முக்கால் மணி நேரமாக, அந்தப் பெட்டியை அடி முதல் நுனி வரை அறிந்த ஒரே ஆளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அலுவலகப் பழக்கம். அங்கே போன் பண்ணுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்களைக் கேட்டுப் பயனில்லை. அந்த நினைப்பு எப்படியோ இந்த அறைக்கும் வந்துவிட்டிருந்தது. வெட்கத்தில் அவளுக்குக் காது சூடாயிற்று.

அலமாரிக்கு மேலே பழைய எழுத்து அட்டை கிடந்தது. பெட்டி வருவதற்கு முன்னால் அதுதான் அவர்கள் பேச்சு. அண்ணி விரலை வரிசை வரிசையாக நகர்த்துவாள், வேண்டிய இடம் வந்ததும் அண்ணன் கண்ணை மேலே தூக்குவான். அது ஆமாம். இரண்டு தடவை சிமிட்டினால் இல்லை. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிடும். டாக்டர் ஏற்காத அட்டைதான், வீட்டுக்குள் செல்லுமே. தூசி தட்டி எடுத்துவந்தாள் அண்ணி.

முதல் சொல்லுக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. "எண்".

"எண்ணா? அந்தக் குப்பை எண்ணா? அதைத்தானே மாத்தினேன்!"

அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். மூக்கில் ஒரு காற்று வந்தது. அவன் தலையில் அடித்துக்கொள்கிற மாதிரிதான் அது, கை அசையாததால் மூக்கால் அடித்துக்கொண்டான். அடுத்த சொல், "மாத்தாதே".

"சரி, மாத்தல. திரும்ப இறக்கிட்டேன், பழையபடிதான் இருக்கு. அது என்ன எண்ணு?"

"உன்", என்றது அட்டை. அப்புறம் "பொ".

"உன் பொ... பொறுமையா? எனக்குப் பொறுமை இல்லைங்கறியா?"

இரண்டு சிமிட்டல். இல்லை. ஆனால் கண்ணோரம் சுருங்கிற்று. அவன் சிரிக்கிறான் என்று அர்த்தம். அண்ணி விரலை மறுபடி நகர்த்தினாள். "ற".

அதற்கு மேல் அட்டை தேவைப்படவில்லை. 170488: ஏப்ரல் பதினேழு, எண்பத்தெட்டு. தங்கையின் பிறந்த நாள்.

அவன் எப்போதுமே அப்படித்தான். மெஷின் தானாகக் கொடுக்கிற எண்ணை வைத்துக்கொள்ளவே மாட்டான். "எல்லாரும் வைக்கற நம்பரை வைக்கறது, வாசக்கதவைத் திறந்துபோட்டுட்டுத் தூங்கற மாதிரி" என்பான். பெட்டிக்குள் இருக்கிற சாமான்களுக்கு உள்ளே ஒரு எண் உண்டு, பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வெளி மெஷினில் அது எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று கட்டுகிறவன் சொல்ல வேண்டும். அவன் தங்கையின் பிறந்த நாளைச் சொல்லிவைத்தான். உள்ளே 33 என்றால் வெளியே 170521, உள்ளே 1000 என்றால் வெளியே 171488. பழைய மெஷினுக்குத் தெரியும். புது மெஷினுக்கு யார் சொன்னார்கள்? வீடு மாற்றும்போது லாரியில் எல்லாம் வந்து வாசலில் நிற்கிறது, காவலாளி இதெல்லாம் உங்களுடையது இல்லை என்று உள்ளே விட மறுக்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

அவன் குரல் முழுவதும், எழுத்து முழுவதும், தன் பிறந்த நாளின்மேல் நின்றுகொண்டிருப்பதைக் காலையிலிருந்து பார்த்தும், குப்பை என்று அழித்திருக்கிறாள். "அண்ணா, நான் ஒரு தண்டம்" என்றாள். கண்ணை மேலே தூக்கினான். ஆமாம்.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த அறையில் முதல் சிரிப்பு.

அந்த எண்ணைப் புது மெஷினுக்குச் சொல்லிவைக்க இனி நாலே வரி. மெஷினின் குறிப்பில் இரண்டு, பெட்டியின் குறிப்பில் இரண்டு. மெஷினுக்குரியதை எழுதி முடித்தாள். பெட்டிக்குரியதை எழுதுவதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும், உள்ளே எண்களெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று கடைசியாக ஒரு பார்வை பார்க்கலாம் என்று அண்ணன் எழுதிப் பேசியவை சேருகிற ஃபோல்டரைத் திறந்தாள். எண்கள் சரியாகத்தான் இருந்தன. பட்டியலின் கடைசியில், ஞாயிறு இரவு ஏழு பத்துக்குச் சேமித்த ஒன்று கிடந்தது. "டாக்டருக்கு" என்று பெயர்.

திறந்திருக்கக் கூடாது. திறந்துவிட்டாள். மூன்று வரி.

"டாக்டர், துளை வேண்டாம். யோசித்துத்தான் சொல்கிறேன், பயந்து சொல்லவில்லை. இவர்கள் இரண்டு பேரும் அழுவார்கள், நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள்."

அதை எத்தனை தடவை படித்தாள் என்று தெரியாது. எழுத்து கலங்கிப்போன பிறகும் படித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. திரையை மூடிவிட்டு, "அண்ணி, ஒரு நிமிஷம்" என்று சமையலறைக்குப் போனாள்.

அண்ணி குழாயைத் திறந்துவிட்டு எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். தங்கை சொல்லி முடித்ததும் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"ஓடலைன்னு சொல்லிடு."

"அண்ணி..."

"என்ன அண்ணி? காலையிலேருந்து ஓடலதானே? அதையே சொல்லு. டாக்டரு நம்மளைக் கேப்பாரு. நாம மாட்டுங்கன்னு சொல்லுவோம்."

"நாலு வரி எழுதினா ஓடிடும்னு அவனுக்குத் தெரியும். அவன்தானே சொன்னான்."

"தெரியட்டும்! கோவிச்சுக்கட்டும்! உசுரோட இருந்து கோவிச்சுக்கட்டும்! பத்து வருஷம் என் முகத்தைப் பாக்காம இருக்கட்டும், நான் கேக்கறேனா?" எவ்வளவு பெரிய வண்டியையும் சந்துக்குள் ஒடித்துத் திருப்புகிறவள், சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கைக்கும் அதே ஆசைதான். அண்ணியைவிட ஒரு பிடி கூடவே. காலையிலிருந்து எந்த முடிவு தன் தலையில் விழக் கூடாது என்று பயந்தாளோ, அது இப்போது விழுந்தால் தேவலை என்று இருந்தது. சும்மா இருந்தால் போதும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும். இவ்வளவு சுலபமாக ஒருவனை வைத்துக்கொள்ள முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அழைப்பு மணி அடித்தது. நாலுக்கு ஐந்து நிமிடம்.

டாக்டர் ஒரு நர்ஸோடு வந்தார். குடையை வாசலில் சாத்தினார், செருப்பைக் கழற்றினார், அண்ணனின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். நர்ஸ் ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"மெஷின் தயாராம்மா?"

அண்ணி கட்டிலின் தலைமாட்டில் நின்று, தங்கையையே பார்த்தாள். வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

"மெஷின்..." என்றாள் தங்கை. நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அண்ணனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். திரையை மூடிவிட்டு அவள் எழுந்து போன விதம், சமையலறையில் நின்றுபோன தண்ணீர்ச் சத்தம், இரண்டு பேரின் சிவந்த மூக்கு. அவனுக்கா தெரியாது? மண்டை ஒன்றுதானே அவனிடம் முழுசாக இருக்கிறது. எல்லாம் புரிந்துவிட்டது.

முறைப்பான் என்று நினைத்தாள். முறைத்திருந்தால் ஒருவேளை அவளுக்கும் வீம்பு வந்திருக்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டான். சிமிட்டவில்லை. மூடியபடி அப்படியே வைத்துக்கொண்டான். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது அவள் ஒளிகிற இடம் தெரிந்தும் மூடிக்கொண்டிருப்பானே, அதே மாதிரி. நீ என்ன செய்தாலும் நான் பார்க்கவில்லை என்று சொல்கிறான். அவனிடம் மிச்சம் இருந்த ஒரே பேச்சையும் நிறுத்திக்கொண்டு, அவள் கைக்கு விட்டுவிட்டான்.

"படுபாவி" என்று தங்கை முனகினாள். சத்தியமாக அன்றைக்கு அவள் அவனை வெறுத்தாள், அந்த ஒரு நொடி. பிறகு பாக்கி இரண்டு வரியை எழுதினாள். அவசரத்தில் தன் பிறந்த நாளை இரண்டு தடவை தப்பாக அடித்து, அழித்து, சரியாக அடித்தாள். அண்ணி "வேண்டாம்மா" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. என்டர் தட்டினாள்.

ஒரு வரி வந்தது, இன்னொரு வரி, மூன்றாவது. அது நிற்கவில்லை. பச்சை எழுத்தில் மளமளவென்று ஓடியது. நாள் முழுக்கத் திட்டு வாங்கிய பெட்டி, ஒரு முக்கல் முனகல் இல்லாமல் எழுந்து நின்றது. கேமராவில் சின்ன விளக்கு எரிந்தது.

"வந்துட்டேன்" என்றது அண்ணனின் குரல், ஜலதோஷத்தோடு, ஸ்பீக்கர் அதிர. "என்ன விஷயம்?"

அண்ணன் கண்ணைத் திறந்தான்.

டாக்டர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னார், ஒவ்வொன்றாக, எதையும் விடாமல். தங்கை திரையை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்தாள். அண்ணி குனிந்து அவன் அசையாத கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவன் முதலில் எழுதியது டாக்டருக்கு இல்லை.

"ரெண்டு பேரும் இங்கேயே இருங்க" என்றது குரல்.

இருந்தார்கள். அதன் பிறகு அவன் கண் எழுத்து வரிசைக்குள் நிதானமாக இறங்கியது. திரையில் ஒரு எழுத்து விழுந்தது, "வே". அடுத்த எழுத்துக்குப் போவதற்கு முன்னால் மூச்சுக்காகக் கொஞ்சம் நின்றான். தங்கை மெஷினின் ஒயரைப் பார்த்தாள், கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, அவன் சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.